காமன் பொட்டலும் சங்கீத வகுப்பும்: மலையக இளைஞரின் கலைப்பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றையது பொகவந்தலாவைக்கும் செல்வன. பொகவந்தலாவைப் பக்கமாகச் செல்லும் பாதையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறை நிலத்தில் யூலியா மார்கரெட் கமரன் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவராக ஐரோப்பியக் கலை வரலாறு கொண்டாடும் இவ்வம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் மறைந்தார். அருகே துயில்பவர் அவரது கணவர் சாள்ஸ் ஹே கமரன். 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களால் இலங்கை மாணவர் நன்கறிந்த பெயர். அம்மையார் இந்நாட்டில் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றிற் பல, உழைக்கும் எளிய மக்களின் உருவங்கள். இளம் பெண்களும் ஆண்களும் அவற்றிலே நிமிர்ந்து நிற்கின்றனர். ஆயின் அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் படங்களோடு வழங்கவில்லை.

இந்நிகழ்ச்சி இங்குக் குறிப்பிடப்படுவதற்குக் காரணம் உண்டு. மலையக மக்கள் கலைக்குப் பொருளாக அமைந்தனரேயன்றிக் கலையைப் படைப்போராகக் கருதப்படவில்லை என்னும் நிலை கமரன் அம்மையாரின் காலத்தோடு முடிந்துவிட்டதாகச் சொல்லமுடியாது. மலையக இளைஞருக்கு இசையிலும் பிற ஆக்கக் கலைகளிலும் வாய்ப்பளித்தல் வேண்டும் என்னுங் கோரிக்கை கருத்தரங்குகளிலும் கல்வித்துறைக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகின்றது. கோரிக்கை நியாயமானதே. அதன் அடியில் உறையும் ஓர் எண்ணந்தான் ஆராயத்தக்கது. தோட்டப்புறம் கலையளவில் வெற்றிடம். அவ்வெற்றிடத்தை வெளியிலிருந்து வரும் ஆசிரியரும் பாடத்திட்டமும் இசைக்கருவியும் நிரப்புதல் வேண்டும் என்பதே அவ்வெண்ணம். நோர்வூட், வெஞ்சர், நிவ்வெளி போன்ற இடங்களிலே தலைமுறை தலைமுறையாக இளைஞர் எவ்வாறு ஆடவும் பாடவும் கொட்டவும் கற்றனர் என்ற வினாவை எழுப்பாமலே இம்முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

அவர்கள் கற்ற இடம் காமன் பொட்டல்.

மாசி மாத அமாவாசையை அடுத்து வரும் மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரை இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நிகழும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவதும், ரதியின் புலம்பலுக்கு இரங்கி அவன் மீண்டும் எழுப்பப்படுவதும் கதை. தமிழகத்துத் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தம்முடன் கொண்டுவந்த வழக்காயினும், தோட்ட வாழ்க்கைக்குள் அது புதிய வடிவம் பெற்றது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியனவும் மலையகத்தின் பெருங்கூத்துகளே. எனினும் ஆண்டுதோறும், ஏறத்தாழ ஒவ்வொரு தோட்டத்திலும், பெருஞ் செலவின்றி நடைபெறத்தக்கதாக அமைந்தமையால் இளைஞரைப் பயிற்றும் பணியில் காமன் கூத்துக்கே முதலிடம் உண்டு.

இக்கூத்தைச் சமயச் சடங்காகவும் நாட்டார் வழக்காறாகவும் விளக்கியோர் பலர். அதனை ஒரு கல்வி நிறுவனமாக நோக்கியோர் அரியர். பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் மக்களின் பகற்பொழுது முழுவதையும் விழுங்கிக்கொண்ட ஓர் அமைப்பில், இரண்டு வாரம் தொடர்ச்சியாக இளைஞர் ஒன்றுகூடி ஒரு கலையைப் பயில்வதற்கான காலம், இடம், ஆசிரியர், செலவு, பார்வையாளர் ஆகிய யாவற்றையும் அச்சமூகம் தானே ஒழுங்குசெய்துகொண்டது என்பது சிறிய விடயமன்று. ரதியும் மதனும் வேடந்தாங்கி லயம் லயமாக வீட்டு வாசல்களில் ஆடிவருவர். வீட்டார் தருங் காசும் அரிசியும் தேங்காயும் கூத்தின் செலவுக்கு ஆகும். இந்த ஆட்டத்தில் வேடக்காரர் பெறும் பயிற்சியோ எந்த மேடை ஒத்திகையிலும் கிடைக்காதது. பத்தடி தூரத்தில், தன்னை நன்கறிந்த அயலாரின் முகத்துக்கு நேரே, ஒரே ஆட்டத்தை நாற்பது ஐம்பது வாசல்களில் ஆடவேண்டிய இளைஞனுக்குச் சபைக்கூச்சம் என்பது எஞ்சியிருக்க இடமில்லை.

கூத்திற் சேர்தலும் படிப்படியாகவே நிகழும். சிறுவன் முதலிற் சருகைக் கூட்டித் தீ மூட்டுவான். தப்பின் தோலை அனலிற் காய்ச்சி விறைப்பேற்றும் பொறுப்பு அவனுடையது. தோல் எவ்வளவு காய்ந்தால் எந்த ஒலி பிறக்கும் என்பதை அவனது விரல்கள் அவ்வாறே அறிந்துகொள்ளும். பின்பு பின்பாட்டுக்காரருடன் நிற்பான். குரல் உடையாத பருவத்தினனாயின் ரதி வேடம் அவனுக்கு வாய்க்கக்கூடும். உடலும் குரலும் முதிர்ந்தபின் மதன், தூதன், எமன், வீரபத்திரன் என வேடங்கள் மாறும். ஆட்டம் முதிர்ந்து உடல் தளர்ந்தவருள் கதை முழுவதையும் மனத்திற் கொண்டவர் எவரோ அவர் வாத்தியார் ஆவார். ஏடு உண்டு, ஆயினும் ஏட்டைப் பார்த்துக் கற்பது குறைவு. கேட்டுக் கற்றலே முறை. வயதுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற பணி, மூத்தோர் இளையோர் ஒருங்கே பயிலல், பயின்றதை ஊரார் முன் உடனடியாக நிகழ்த்திக் காட்டல் என்று இக்காலக் கலைக்கல்வியாளர் விதந்து கூறுவன யாவும் இங்கே பெயரின்றி இருந்தன.

இவ்வளவு கூறியபின் இக்கூத்தை ஒரு பொற்காலத்தின் எச்சமாகப் போற்றிவிட்டு அமைந்துவிடுதல் எளிது. ஆயினும் அது நேர்மையாகாது. காமன் பொட்டலின் கதவு எல்லோருக்கும் ஒருபோல் திறந்திருக்கவில்லை.

முதலாவது தப்பு. தோட்டத்து நாளே ஒரு காலத்தில் தப்பொலியுடன்தான் தொடங்கிற்று. தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது அது. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்டு, பின்னர் சக்தீ அ. பாலஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கம் பெற்ற ஆங்கிலக் கவிதை நூல் அந்த விடியற்காலப் பறையொலியிலிருந்தே விரிகின்றமை குறிப்பிடத்தக்கது. பிறப்பிலும் பூப்பிலும் திருமணத்திலும் திருவிழாவிலும் சாவிலும் தப்பு இன்றி எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி அடி உண்டு. அடியைக் கேட்டே அடுத்த மலையிலிருப்பவர் அங்கு நடப்பது யாதென்று அறிவர். இத்துணைச் செறிந்த தாளமொழியைக் காத்தோர் சாதியடுக்கின் அடித்தளத்தில் வைக்கப்பட்டோர். அவர்களது கலை தேவைப்பட்டது. கலைஞருக்கு மதிப்புத் தேவையென எவருக்குந் தோன்றவில்லை. கொட்டியவருக்குக் கிடைத்தது பல சமயங்களில் ஒரு போத்தல் சாராயமும் சில்லறையும். ஆகவே படித்த தலைமுறை தப்பைக் கையிலெடுக்க மறுத்தபோது அதனைக் கலைப்பற்றின்மை என்று குறை கூறுதல் பொருந்தாது. அவ்விளைஞர் மறுத்தது கருவியையன்று; கருவியோடு ஒட்டிக்கொண்டிருந்த இழிவையே. இவ்வேறுபாட்டை உணராத பண்பாட்டுக் காவலர் பலர், தம் பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பிறர் பிள்ளைகள் தப்பைக் கைவிடலாகாது என்று மேடையில் வருந்துகின்றனர்.

இரண்டாவது பெண்கள். ரதியின் புலம்பலே இக்கூத்தின் உயிர். அப்புலம்பலின் சொல்லும் இசையும் பெண்களின் ஒப்பாரியிலிருந்து பெறப்பட்டவை. பொட்டலைச் சுற்றியிருந்து அழுபவர்களும் பெண்களே. எனினும் ரதியாக ஆடியவன் ஆண். மலையகத்தின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்து மலையின் பாடல்களையும் உருவாக்கியோர் பெண்களாயிருக்க, பொதுவிடத்தில் நிகழ்த்தும் உரிமை அவர்களிடமிருந்து விலக்கப்பட்டிருந்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்', சாரல்நாடனின் 'மலையக வாய்மொழி இலக்கியம்' ஆகிய நூல்களைப் புரட்டுவோர்க்கு இவ்வுண்மை உடனே புலனாகும்.

இத்தடையை மீறிய ஓர் எடுத்துக்காட்டு ஹற்றனிலேயே உண்டு. 1930களில் கோ. நடேசய்யர் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டியபோது, அவரது மனைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிலே தொழிலாளரின் இன்னலையும் உரிமையையும் வைத்துப் பாடிய அப்பாட்டுகள் சிறு நூல்களாகவும் அச்சேறின. எழுத்தறியாதாரிடையே துண்டுப்பிரசுரம் செய்யமுடியாததைப் பாட்டுச் செய்தது. பெண்ணொருவர் பொதுமேடையிற் பாடியதைப் பல்லாயிரம் பேர் கேட்டனர் என்பதும், கேட்டவருள் இளம்பெண்களும் இருந்தனர் என்பதும் மலையகக் கலை வரலாற்றில் அழுத்திக் கூறப்படவேண்டியன. ஆயினும் அவரைத் தொடர்ந்து பாடுவோரை உருவாக்கத்தக்க அமைப்பு எதுவும் தோன்றவில்லை. தொழிற்சங்கங்கள் பின்னர் பெரிதாய் வளர்ந்தன; சந்தாவும் சேர்ந்தது; பாட்டு வளரவில்லை. சங்கங்களின் மேடைகளில் ஒலிபெருக்கி வந்ததும் திரைப்படப் பாடல் போதுமென்றாயிற்று.

கூத்து நலிந்தமைக்குப் பொதுவாகத் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையுமே காரணங் காட்டுவர். இது மேலோட்டமான விளக்கம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப்பார்த்துப் பங்கிட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் அது வகுத்தது. மிகுதி 150,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. இவ்வெண்களைப் பொருளியல் மாணவரும் அரசறிவியல் மாணவரும் மனனஞ் செய்கின்றனர். கூத்தின் நோக்கிலிருந்து அவற்றைப் படித்தோர் இல்லை. ஒரு தோட்டத்துக் கூத்துக் குழு என்பது இருபது முப்பது பேரின் நினைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட அமைப்பு. வாத்தியார் குடும்பம் கப்பலேறிவிட்டால் ஏடு போய்விடும். தலைமைத் தப்புக்காரர் போய்விட்டால் அடிகள் போய்விடும். மதன் ஆடுபவன் எஞ்சியிருந்தும் பயனில்லை. தனிப்பட்ட ஓவியனோ கவிஞனோ இடம்பெயர்ந்தால் அவனது கலையும் அவனுடன் சென்று வேறிடத்தில் உயிர்வாழலாம். கூட்டுக் கலைக்கு அவ்வாய்ப்பில்லை. பிரிக்கப்பட்ட இரண்டு பாதிகளும் ஊமையாகும்.

இக்காலப் பகுதியிலேயே மலையக எழுத்து தழைத்தோங்கியமை ஒப்புநோக்கத்தக்கது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளிற் பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்னும் பெயரில் வீரகேசரி வெளியீடாக வந்தன. தெளிவத்தை ஜோசப் உள்ளிட்ட ஒரு தலைமுறை எழுத்தாளர் அக்காலத்தின் விளைவே. எழுத்துக்கு வேண்டியவை ஒரு பேனா, சில தாள்கள், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஓரிடம். லயத்துக் காம்பிராவின் மண்ணெண்ணெய் விளக்கடியிலும் ஒருவர் எழுதிவிடலாம். பத்தடிக்குப் பத்தடி அறையில், மெல்லிய சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து வந்தவர் உறங்க, எவரும் மிருதங்கம் பயில இயலாது. இசைக்கு இடம் வேண்டும்; கருவி வேண்டும்; அடுத்தவருக்குத் தொல்லையின்றி ஒலி எழுப்புவதற்கான உரிமை வேண்டும். மலையகத்தில் இலக்கியம் வளர்ந்து இசை வளராமைக்குத் திறமையின்மையன்று காரணம். வீடமைப்பும் ஒரு காரணம். கலை விமர்சகர் வீட்டுத் திட்டங்களைப் பற்றியும் பேசவேண்டியிருப்பது இதனாலேயே.

பல்கலைக்கழகத்தின் பொறுப்பும் இவ்விடத்திற் சுட்டிக்காட்டப்படல் வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ஆற்றிய பணி ஈழத்து அரங்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்குக்கு மரபின் வேரைக் காட்டியதையடுத்து, 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' எனக் கூத்துகளைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்து மதித்ததும், படித்த இளைஞர் கூத்தாடுவது இழிவன்று என நிறுவியதும் அவரது பெருஞ்சாதனை. மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் அதனாற் புத்துயிர் பெற்றன. ஆயின் பேராதனையைச் சூழ்ந்த மலைகள் எல்லாம் தேயிலைத் தோட்டங்கள். மாசி மாத இரவுகளில் அம்மலைகளிலும் கூத்து நிகழ்ந்துகொண்டிருந்தது. தொலைவிலிருந்த மரபுகளைத் தேடிக் கண்டெடுத்த அவ்வியக்கத்தின் காதுகளில் அருகிலிருந்த தப்பொலி விழவில்லை. இதனைத் தனியொருவர் மேற் குற்றமாகச் சுமத்துதல் தகாது. அக்காலத்திற் பல்கலைக்கழகம் புகுந்த தோட்டத்து மாணவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். தம் ஊர்க் கூத்தை எடுத்துச்சொல்ல மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மாணவர் இருந்தனர். மலையகத்துக்கு அத்தகையோர் அங்கு அரிதாயிருந்தனர். ஒரு கலை மதிக்கப்படுவதற்கும் அக்கலைக்குரியோர் வகுப்பறையில் அமர்ந்திருப்பதற்கும் உள்ள தொடர்பு இதிலிருந்து விளங்கும்.

1970களிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. பின்னர் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நிறுவப்பட்டு, தோட்டப்புற இளைஞரே ஆசிரியராகும் வழியும் திறந்தது. இவை மறுக்கவியலாத முன்னேற்றங்கள். ஆறாந் தரத்திலிருந்து ஒவ்வொரு மாணவரும் அழகியற் பாடமொன்றைப் பயிலவேண்டும் என்பது விதி. கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தெரிவுசெய்யலாம் என ஏடு கூறும். நடைமுறையில் தெரிவைச் செய்பவர் மாணவரல்லர். பாடசாலையில் இருப்பவர் சித்திர ஆசிரியராயின் மாணவர் அனைவரும் சித்திரத்தை விரும்புவோராவர். அவர் இடமாற்றம் பெற்றுச் சங்கீத ஆசிரியர் வந்தால் எல்லோருக்கும் சங்கீத நாட்டம் உண்டாகும். எவரும் வராவிடின் அழகியற் பாடவேளையில் கணிதம் நடைபெறும்.

கர்நாடக சங்கீதத்தைப் பயிற்றுவதில் தவறேதுமில்லை. அது தோட்டத்துப் பிள்ளைக்கு அந்நியமானது, ஆகவே வேண்டாதது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் அப்பிள்ளையைத் தப்போடு கட்டிப்போடும் மற்றொரு சாதி நியாயமே. எந்தப் பிள்ளைக்கும் எந்த இசைக்கும் உரிமை உண்டு. குறை கூறத்தக்கது யாதெனில், இசை என்றாலே அதுவொன்றுதான் எனப் பாடசாலை கற்பித்துவிடுவதாகும். சிக்கலான தாள அடிகளை நிகழ்த்தவல்ல பதின்மூன்று வயதுச் சிறுவன் சங்கீத வகுப்பில், சரளி வரிசையைக் கீச்சுக்குரலிற் பாடமுடியாத காரணத்தால், இசையறியாதவனாக முப்பத்தைந்து புள்ளி பெறுகின்றான். ஆதிதாளத்தின் எட்டு அட்சரங்களைக் கையால் எண்ணிக் காட்டுதல் பரீட்சையில் இடம்பெறும். அவன் நேற்றிரவு கொட்டிய அடியோ பாடத்திட்டத்தில் இல்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லல் என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். தப்பின் தாளக்கணக்கிலிருந்து தொடங்கிக் கர்நாடகத் தாளத்துக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. ஆயினும் அவ்வழியில் எவரும் நடத்திச் செல்லவில்லை.

மேற்படிப்பின் நிலையும் எண்ணத்தக்கது. தமிழ்மொழி மூலம் இசையிலோ நடனத்திலோ பட்டம்பெற விரும்புவோர்க்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமுமே உள. புகுமுகத்தின்போது உளச்சார்புப் பரீட்சையில் மாணவர் நிகழ்த்திக் காட்டவும் வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணத்தில், சிறுவயது முதல் தனிப்பட்ட குருவிடம் பயின்றவரோடு, வாரத்துக்கு இரண்டு பாடவேளை மட்டுமே பயின்ற நோர்வூட் மாணவி போட்டியிடுகின்றாள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு மலையகப் பிள்ளைகள் தோற்றுவது பெருகியுள்ளது. இதற்குத் தனியார் வகுப்புக் கட்டணமும் பயணச் செலவும் உண்டு. நாட்சம்பளத்தைக் கொண்டு அதனைச் செலுத்தும் பெற்றோரின் ஆர்வம் வியக்கத்தக்கது. மலையகத்தில் கலைநாட்டம் இல்லை என்போர் அந்தச் சிட்டைகளைப் பார்ப்பது நன்று.

பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலே நாட்டார் பாடலும் நாட்டுக்கூத்தும் இடம்பெறுகின்றன. கூத்தை முற்றாக மறக்கவிடாமல் இவை காக்கின்றன என்பது உண்மை. ஆயினும் சில நிமிட எல்லைக்குள் கூத்து சுருக்கப்பட்டு, ஒரே நிறச் சேலையும் பிளாஸ்ரிக் கொழுந்துக் கூடையும் ஒத்திசைந்த அசைவுமாக அது வெளிவருகின்றது. நடுவர் எதிர்பார்ப்பதை ஆசிரியர் பயிற்றுகிறார். ரதியின் புலம்பல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இரவு முழுவதும் நீண்டு, விடியுந் தறுவாயிலே கேட்போரின் நெஞ்சைக் கரைக்கும் ஒன்றைச் சுருக்கும்போது நேரம் மட்டும் குறைவதில்லை.

2023ஆம் ஆண்டில் தமிழகத் தொலைக்காட்சியொன்றின் சிறுவர் பாடற் போட்டியிலே மலையகத் தோட்டத்துச் சிறுமியொருத்தி பங்குபற்றியபோது மலையகம் முழுவதும் பெருமிதமடைந்தது. பெருமிதம் இயல்பானது; அச்சிறுமியின் குரல் அதற்குத் தகுதியுடையதே. விமர்சகர் கவலையுறுவது வேறொன்றைக் குறித்து. அவ்வாண்டு, முதற் தொழிலாளர் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடைபயணஞ் செய்த ஆண்டுமாகும். இருநூறு ஆண்டுகளின் பின்னரும் ஒரு மலையகச் சிறுமியின் குரலைக் கேட்பதற்கு இந்நாட்டில் மேடை போதாமல், பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு வணிகத் தொலைக்காட்சி தேவைப்பட்டது. ஒருத்தி தெரிவாவதை வாய்ப்பு என்கிறோம். தெரிவாகாத ஆயிரம் பேர் எங்கே பாடுவர் என்பதுதான் கலைக்கல்வியின் வினா. காமன் பொட்டலில் தோற்றவர் என்று எவரும் இல்லை. ரதியாக முடியாதவன் பின்பாட்டுப் பாடினான், பாட முடியாதவன் தீப்பந்தம் பிடித்தான்.

பெருந்தோட்டப் பொருளாதாரத்தினின்று தோன்றிய பிறிதொரு சமூகத்தின் அனுபவம் இங்குப் பயன்படும். திறினிடாட் தீவில் அடிமைகளின் வழித்தோன்றல்களுடைய பறைகளைக் குடியேற்ற அரசு 1880களிற் சட்டத்தால் ஒடுக்கியது. இளைஞர் மூங்கிலைத் தட்டினர். பின்பு தகரத்தையும் எண்ணெய்ப் பீப்பாயையும் தட்டி, அவற்றிலே சுரங்களைக் கண்டனர். தொடக்கத்திற் காடையரின் இரைச்சல் எனப்பட்ட அவ்வுருக்குப் பறை 1951இல் இலண்டன் விழாவில் ஒலித்தது. 1992இல் நாட்டின் தேசிய வாத்தியமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனை இளைஞர் பயில்வது இன்றும் பெரும்பாலும் அயலிலுள்ள திறந்த முற்றங்களிலேயே. முற்றத்தை ஒழிக்காமல் பாடசாலைக்குள்ளும் அது சென்றது என்பதே கவனிக்கத்தக்கது. தமிழகத்தில் திண்டுக்கல் சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம்பெண்களைக் கொண்டு பறையை மேடையேற்றியபோது சாதியும் பால்வேறுபாடுமாகிய இரு பூட்டுகளும் ஒருசேர அசைந்தன. மலையகத்திலும் அண்மைக் காலமாக இளைஞர் குழுக்கள் தப்பைத் தாமாக விரும்பிக் கையிலெடுக்கத் தொடங்கியுள்ளன, பெண்களும் கொட்டுகின்றனர். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டோம், கலை நிகழ்ச்சிக்கு வருவோம் என்று சொல்லும் உரிமையை அவர்கள் பெற்றிருப்பது, தப்பின் வரலாற்றில் எந்தப் புதிய அடியையும்விடப் பெரிய மாற்றம்.

இம்முயற்சிகளின் எதிரே நிற்கும் தடைகளுட் சில பணத்தாலானவை. அவற்றைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதிகம் பேசப்படாத ஒன்று தகைமை பற்றியது. காமன் கூத்து முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் வாத்தியார், பெரும்பாலும் ஓய்வுபெற்ற தொழிலாளி. ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்திருக்கமாட்டார். பாடசாலையில் ஒரு மணி நேரம் கற்பிக்கவும் ஊதியம் பெறவும் அவருக்குச் சான்றிதழ் இல்லை. விழாவன்று பொன்னாடை போர்த்தி அவரை மேடையில் அமர்த்தலாம். வகுப்பறைக்குள் அழைக்கச் சுற்றறிக்கை இடந்தராது. வித்தியானந்தன் அண்ணாவிமாரை அழைத்தபோது அவர்களிடம் எவரும் பட்டம் கேட்கவில்லை. பாடசாலைக்கு வருகைதரு கலைஞராக வாத்தியாரை நியமித்து, சங்கீத ஆசிரியை அவரருகில் அமர்ந்து அடிகளைச் சொற்கட்டாக எழுதி, இருவரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்துவதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. மாசி மாதம் முதலாந் தவணைக்குள்ளேயே வருகின்றது. கம்பம் ஊன்றும் நாள் முதல் பௌர்ணமி வரையிலான இரு வாரங்களில் அழகியற் பாடத்தின் செயன்முறைப் புள்ளியைக் காமன் பொட்டலிலேயே வழங்கலாம். வாத்தியார்கள் முதியோர். அவர்களது ஏடுகளிற் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. ஏட்டில் இல்லாத அடிகள் அவர்களது கைகளில் மட்டுமே உள்ளன.